கோட்டும் ரையுமாகக் கொலராடோவுக்கு

அந்தப் படத்தில் சித்தப்பா கருநீலக் கோட்டும் கழுத்தில் சிவப்பு ரையும் அணிந்து ஒரு செம்மண் குன்றின் முன்னால் நிற்கிறார். வலது கால் ஒரு கல்லின் மேல் இருக்கிறது, இடது கை இடுப்பில். கண்கள் கமராவைப் பார்க்காமல் தூரத்தில் எதையோ தேடுகின்றன. அவருக்குப் பின்னால் குன்று அடியில் மஞ்சளாகத் தொடங்கி, நடுவில் செம்மஞ்சளாகி, உச்சியில் மிளகாய்த்தூள் நிறத்தில் முடிகிறது. மேலே ஒரு பொட்டு முகில் இல்லாத வானம். படத்தின் வலது ஓரத்தில் பூப்போட்ட குடை ஒன்றின் நுனி தெரியும். குடை சித்தியுடையது. அந்த நுனியை வெட்டிவிட்டுத்தான் படத்தை அனுப்ப வேண்டும் என்று நான் சொன்னேன். சித்தப்பாவுக்குப் பொறுமை இருக்கவில்லை.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. பாரிசின் லாச்சப்பலில், லூயி-பிளாங்க் தெருவில் உள்ள ஒரு தமிழ் உணவகத்தின் குசினியில் அப்போதே இருபத்தேழு வருடங்களாகச் சமையல் வேலை செய்துகொண்டிருந்தவர். கொத்துரொட்டி அவருடைய பொறுப்பு. கொத்தும் தகடுகள் இரண்டையும் கையில் எடுத்தாரென்றால் அந்தச் சத்தம் கடைக்கு வெளியே நடைபாதை வரை கேட்கும். பொண்டியில் வீடு, லூயி-பிளாங்கில் வேலை, இரண்டுக்கும் நடுவில் புறநகர் ரயில். பிரான்ஸ் என்ற நாட்டின் மற்றப் பகுதிகளை அவர் தொலைக்காட்சியில் காலநிலைச் செய்தி வாசிக்கும் நேரத்தில் மட்டும் பார்த்திருந்தார். கடற்கரைக்குப் போவோம் என்று கூப்பிட்டால், “கடல் எங்கடை ஊரிலையும் கிடந்தது” என்பார். மலைக்குப் போவோம் என்றால், “எங்கடை ஊரிலை மலை இல்லை, எனக்குப் பழக்கமில்லை” என்பார். இரண்டுக்கும் பதில் வைத்திருந்த மனிதர் ஒருநாள் தானாகவே பயணம் வெளிக்கிட்டதற்குக் காரணம், டென்வரில் இருந்த அவருடைய நண்பர்.

நண்பரும் சித்தப்பாவும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். நண்பர் இப்போது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில் கணக்காளர். பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் வைத்திருந்த வாட்ஸப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவருடைய படம் வரும். அகன்ற தொப்பி, நடைக்கோல், பின்னால் வானத்தை முட்டும் சிவப்புப் பாறைகள். படம் வந்ததும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பூக்களும் கைகூப்பல்களும் பறந்து வரும். சித்தப்பா ஒன்றும் போடமாட்டார். படத்தை விரலால் பெரிதாக்கி, நண்பர் காலில் போட்ட சப்பாத்து வரைக்கும் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பார். ஒரு ஞாயிறு, நண்பர் படத்தின் கீழே சித்தப்பாவின் பெயரையே போட்டு எழுதிவிட்டார்: “மச்சான், நீயும் ஒருக்கால் உந்தக் குசினியை விட்டு வெளியிலை வந்து பார். உலகம் பெரிசு.” அதற்கும் எல்லோரும் பூப் போட்டார்கள்.

அன்று பின்னேரமே சித்தப்பா என் வீட்டு மணியை அடித்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே, “பிள்ளை, பிரான்சிலை சிவப்புக் கல்லு எங்கை இருக்கு?” என்று கேட்டார். நான் கணினியில் தேடினேன். தெற்கே, அவிஞ்ஞோனிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில், பழைய காவிமண் சுரங்கங்கள் இருந்த ஒரு பள்ளத்தாக்கு வந்தது. படத்தில் அசல் பாலைவனம் மாதிரியே இருந்தது. பெயரை வாசித்தேன். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“என்ன பேர் எண்டு சொன்னனீ?”

“கொலராடோ, சித்தப்பா. கொலராடோ புரொவான்சால். புரொவான்ஸ் பக்கத்துக் கொலராடோ எண்டு அர்த்தம்.”

“பின்பக்கம் எனக்குத் தேவையில்லை. முன்பக்கம் மட்டும் காணும்.”

பொய் சொல்லப் போகிறீர்களா என்று கேட்டேன். “பொய் எங்கை கிடக்கு? அங்கை பேர்ப்போட்டிலை என்ன எழுதியிருக்கோ அதைத்தானே நானும் எழுதப்போறன்” என்றார். அப்படிச் சொன்னபோது அவருடைய முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் என் கல்யாணத்தில்தான் பார்த்திருந்தேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு விடிய வெளிக்கிட்டோம். பிலிப்-து-ஜிரார் தெருவில் ஸ்ரூடியோ வைத்திருந்த ஒருவரிடம் பெரிய கமராவும் முக்காலியும் இரவல் வாங்கியாகிவிட்டது. எந்தப் பொத்தானைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர் எனக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்திருந்தார். ரயில் நிலையத்துக்குச் சித்தப்பா என் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டோடு வந்து நின்றார். ரை கட்டி, சப்பாத்துக்கு மினுக்கம் போட்டிருந்தார். சித்தி சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை, காலில் ஓட்டச் சப்பாத்து, கையில் குடை, தோளில் இடியப்பமும் சம்பலும் அவித்த முட்டையும் அடைத்த பை. “நடக்கப் போறம் சித்தப்பா, கோட்டு என்னத்துக்கு?” என்றேன். “குசினிக்காரன் மாதிரித் தெரியக்கூடாது” என்றார்.

ரயிலில் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்துத்தான் சித்தி எனக்கு ஒரு பழைய கதையைச் சொன்னா. முப்பது வருடங்களுக்கு முன்பு சித்தப்பாவும் நண்பரும் அமெரிக்காவுக்கென்று ஒன்றாகத்தான் வெளிக்கிட்டார்கள். பாரிஸ் விமான நிலையத்தில் விமானம் மாற வேண்டும். ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக்கூடாது என்பது, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரரின் கட்டளை. நண்பருக்கு ஆங்கிலம் வரும். சித்தப்பாவுக்கு வராது. அதனால் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு ‘யெஸ்’ என்று மட்டும் சொல்லும்படி ஏஜென்சிக்காரர் பழக்கியிருந்தார். “மூண்டு கேள்விக்கு யெஸ் சொன்னவராம்” என்றா சித்தி. “மூண்டாவது கேள்வி, இது கள்ளப் பாஸ்போட்டோ எண்டு.”

“நாலாவது” என்றார் சித்தப்பா, கண்ணைத் திறக்காமல்.

அப்படித்தான் நண்பர் விமானத்தில் ஏறினார், சித்தப்பா லூயி-பிளாங்குக்கு வந்து சேர்ந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சித்தியும் சிரித்தா. சித்தப்பாவின் மூடிய கண்கள் மட்டும் கொஞ்சம் இறுகியதைக் கண்டபிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவிஞ்ஞோனில் வாடகைக் கார் எடுத்து நான் ஓட்டினேன். பள்ளத்தாக்கின் வாசலில் ஒரு பலகை, சித்தப்பா எதிர்பார்த்தபடியே ‘கொலராடோ’ என்று பெரிதாகச் சொன்னது. உள்ளே நடைபாதைகளில் ஒன்றுக்கு ‘சகாரா’ என்று பெயர். “கொலராடோவுக்குள்ளை சகாராவோ? ஒரே ரிக்கற்றிலை ரெண்டு நாடு” என்று சித்தப்பா மகிழ்ந்தார். முதலில் பைன் மரங்கள்தான். பிறகு பாதை திரும்பியது, மரங்கள் விலகின. மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாக மண் குன்றுகள் வரிசையாக நின்றன. சில, யாரோ நட்டுவைத்த தூண்கள் மாதிரித் தனியாக எழும்பி நின்றன. காலடியில் அரித்த மாவைப் போன்ற செம்மணல். சுவரில் பூசும் நிறத்துக்காக முன்பு மனிதர்கள் தோண்டிய இடம் இது, மழையும் காற்றும் மிச்சத்தைச் செய்தன என்று நான் பலகையில் இருந்ததை வாசித்துச் சொன்னேன். சித்தப்பாவின் முகம் விழுந்துவிட்டது. “ஆக்கள் தோண்டினதோ? அப்ப இது வெறும் மண் தோண்டின கிடங்கு.” சித்தி ஒரு குன்றின் நிறத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு, “இந்தக் கலரிலை ஒரு கூறைச்சேலை இருந்தால்” என்றா.

படம் எடுப்பது நான் நினைத்ததைவிட வில்லங்கமாக இருந்தது. நண்பர் அனுப்பிய படங்களில் பதினொன்றைச் சித்தப்பா போனில் சேமித்து வந்திருந்தார். சோதனைக்குப் போகும் பிள்ளை நோட்டுப் புரட்டுவது போல் அடிக்கொருதரம் அவற்றைப் பார்த்தார். அந்தப் படங்களில் பைன் மரம் இல்லை, ஆகவே பைன் மரம் வரக்கூடாது. பிரெஞ்சுப் பலகை வரக்கூடாது. வேறு மனிதர் வரவே கூடாது. ஆனால் அன்று ஞாயிறு, நல்ல வெயில். ஓய்வுபெற்றவர்களின் நடைக்குழு ஒன்று, இருபது பேருக்குக் குறையாது, எங்களோடேயே வந்துகொண்டிருந்தது. நான் பொத்தானை அமத்தும் நேரம் பார்த்து ஒரு தொப்பியாவது ஒரு நடைக்கோலாவது உள்ளே நுழையும். அவர்கள் இல்லாத நேரம் சித்தி நுழைவா. சித்தப்பாவின் நெற்றி வியர்வையில் செம்மண் படிந்து கோடு கோடாக இறங்கியது, அதைத் துடைக்காமல் சித்தியால் இருக்க முடியவில்லை. கோட்டைக் கழற்றினால் வியர்க்காது என்று சொன்னேன். சித்தப்பாவுக்குக் கேட்கவில்லை.

வெயில் உச்சியில் இருந்து சரியத் தொடங்கியது. நான் களைத்துப்போனேன். அப்போதுதான் நடைக்குழுவின் தலைவி போல் இருந்த ஒரு பிரெஞ்சு மதாம், வெள்ளை முடி, இரண்டு கையிலும் இரண்டு கோல், சித்தப்பாவிடம் வந்தா. கோட்டையும் ரையையும் சித்தியின் பட்டுக்கரைச் சேலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கல்யாணப் படமா என்று கேட்டா. சித்தப்பா சிரித்துக்கொண்டு, “வுயி” என்றார், ஓம் என்று. இன்றுதான் கல்யாணமா? “வுயி, வுயி.” மதாம் கோல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினா. இருபது பேரும் சேர்ந்து தட்டினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றிச் சித்திக்குத் தலை வணங்கினார். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, அவர்களுக்குக் கல்யாணமும் செய்துவைத்த சித்தி, நெருப்பாய்ச் சிவந்து குடைக்குள் ஒளிந்துகொண்டா. “இஞ்சரப்பா, என்னத்தைச் சொன்னனீங்கள் அந்த மனுசிக்கு?”

“எனக்கென்ன தெரியும். கேட்டவ, ஓம் எண்டு சொன்னன்.”

அந்த ஓமினால் வேலை நடந்தது. மதாம் ஒரு கையைத் தூக்கினா. நடைக்குழு முழுவதும் பாதையின் ஓரத்தில் ஒதுங்கியது. பின்னால் வந்தவர்களையும் அவவே மறித்து நிறுத்தினா. சித்தப்பாவின் காலைக் கல்லில் வைத்ததும், பார்வையைத் தூரத்துக்குத் திருப்பியதும் மதாம்தான். மணப்பெண்ணும் வர வேண்டும் என்று அவ கூப்பிட, சித்தி இன்னும் பின்வாங்க, நான் பொத்தானை அமத்தினேன். பூப்போட்ட குடையின் நுனி வந்தது அப்படித்தான். அடுத்த நொடி சித்தப்பா கல்லிலிருந்து இறங்க, சப்பாத்து வழுக்க, சரிவில் குந்தியபடியே பத்தடி தூரம் கீழே போய்ச் சேர்ந்தார். எழும்பியபோது முன்பக்கம் கருநீலம், பின்பக்கம் செங்கல். “படம் வந்துதோ?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

வந்திருந்தது. கமராவிலிருந்து போனுக்கு மாற்றி, குன்றின் மேலே சிக்னல் இருந்த இடத்தில் நின்று குழுவுக்கு அனுப்பினார். கீழே இரண்டு சொல்: “கொலராடோவில் நான்.” எங்களுக்கு மணி மூன்று. டென்வரில் காலை ஏழு. படத்தில் அடித்த வெயிலை யாராவது கவனித்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருப்பார். ஒருவரும் கவனிக்கவில்லை. பூக்கள் கொட்டத் தொடங்கின. சித்தப்பா அவற்றை எண்ணிக்கொண்டே பள்ளத்துக்கு இறங்கினார். மர நிழலில் சித்தி இடியப்பத்தைப் பிரித்தா. அப்படி ருசித்து அவர் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை.

கடைசி முட்டையை உரிக்கும்போது போன் அதிர்ந்தது. பள்ளத்தில் சிக்னல் இல்லை, ஆனால் எப்படியோ நண்பரின் குரல் பதிவுகள் மூன்று வந்து சேர்ந்திருந்தன. சித்தப்பா முதலாவதைத் தட்டினார்.

“டேய் மச்சான்! நீ கொலராடோவிலையோ? எனக்கு ஏன்ரா சொல்லேல்லை? எங்கை நிக்கிறாய்? போனை எடு!”

இரண்டாவதில் பின்னணியில் பாத்திரச் சத்தம். “மனுசி ஆட்டிறைச்சியை வெளியிலை எடுத்து வைச்சிட்டா. நீ இண்டைக்கு எங்கடை வீட்டைதான் படுக்கிறாய். ஓட்டல் கீட்டல் எண்டு போனியெண்டால் கொலைதான் விழும்.”

மூன்றாவதில் கார் ஓடும் சத்தம். “மச்சான், அந்தக் கல்லின்ரை நிறத்தைப் பாத்திட்டன். அது தெற்குப் பக்கம். எனக்குத் தெரியும் அந்த இடம். மூண்டு மணித்தியாலம். நான் வெளிக்கிட்டிட்டன். நீ அசையாதை. நிண்ட இடத்திலையே நில்.”

சித்தப்பாவின் கையில் பாதி உரித்த முட்டை அப்படியே இருந்தது. எடுத்துப் பேசப் பார்த்தார், அழைப்புப் போகவில்லை. “திரும்பிப் போட்டன் எண்டு சொல்லுவமோ?” என்றார் மெதுவாக.

“எங்கை திரும்பினது எண்டு அந்தாள் கேக்கும்” என்றா சித்தி.

“எயர்போட்டிலை நிக்கிறன் எண்டு சொல்லுவம்.”

“அந்தாள் நேரை எயர்போட்டுக்கு ஓடும். உண்மையைச் சொல்லுங்கோ. அந்த மனுசன் றோட்டிலை போய்க்கொண்டிருக்கு.”

சித்தப்பா எழும்பினார். கோட்டும் ரையும் செங்கல் நிறப் பின்பக்கமுமாக, ஐம்பத்தெட்டு வயதில், அந்தச் சரிவில் ஓடத் தொடங்கினார். சிக்னல் இருந்தது மேலே. ஒடுங்கிய பாதை முழுக்க ஆட்கள். வழி கேட்க அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு, குசினியில் சூடான சட்டியோடு வரும்போது கத்துவது ஒன்றுதான். “ஷோ தெவான்! ஷோ தெவான்!” சூடு வருகிறது, விலகுங்கள். மக்கள் சூட்டைக் காணாமலே இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டார்கள். திருப்பத்தில் நடைக்குழு எதிரே வந்தது. மணமகன் தனியே ஓடுவதையும், பின்னால் மணப்பெண் குடையோடு துரத்துவதையும் கண்ட மதாமின் முகத்தை நான் மறக்கமாட்டேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது சித்தப்பாவுக்கு மூச்சுத்தான் வந்தது, பேச்சு வரவில்லை. மூச்சு வாங்கியபடியே அழைத்தார். போனின் ஒலிபெருக்கியை நிறுத்த அவருக்கு எப்போதும் தெரியாது. அதனால் நாங்களும் கேட்டோம்.

“மச்சான், காரை நிப்பாட்டு.”

“ஏன், என்ன? விழுந்து கிழுந்து போனியோ?”

“இல்லை. இது பிரான்சுக் கொலராடோ.”

“என்னது?”

“பிரான்சிலை ஒரு கொலராடோ இருக்கு. நான் பாரிசிலையிருந்து ரெயினிலை வந்தனான். நீ திரும்பிப் போ. இறைச்சியை உள்ளுக்கை வைக்கச் சொல்லு.”

அந்தப் பக்கம் கார் ஓரத்தில் நிற்பதும், சிக்னல் விளக்கு டிக் டிக் என்று அடிப்பதும் கேட்டது. சித்தப்பா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், வெட்டுப்பட்டுவிட்டதோ என்று. பிறகு நண்பர், “ஏன் மச்சான்?” என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் சித்தப்பா சமாளித்திருப்பார். அவர் அப்படிக் கேட்கவில்லை.

“நீ ஞாயிறு ஞாயிறு போடுறாய்” என்றார் சித்தப்பா. “நான் பாத்துப் பாத்து...”

“டேய், உனக்குத்தானடா போடுறனான். மற்றவையின்ரை பூ எனக்கென்னத்துக்கு? ஒருநாளாவது நீ ஏதேனும் எழுதுவாய் எண்டு பாத்தன். எத்தினை வருசம். திட்டினாலாவது பரவாயில்லை எண்டுதான் அண்டைக்கு அந்தக் குசினிக் கதையை எழுதினனான்.”

சித்தப்பா மணலில் குந்திவிட்டார். நண்பர் தொடர்ந்து பேசினார். அந்த விமான நிலையத்தில் சித்தப்பாவை மறித்த அதிகாரி, வரிசையில் முன்னால் நின்ற நண்பரைக் கூப்பிட்டு, இவரை உனக்குத் தெரியுமா என்று கேட்டாராம். நண்பர் தெரியாது என்று சொல்லிவிட்டு விமானத்தை நோக்கி நடந்தாராம். திரும்பிப் பார்க்கவில்லையாம். இதைச் சித்தி ரயிலில் சொல்லவில்லை. சித்திக்கும் அது தெரியாது என்று அவவின் முகத்தைப் பார்த்து அறிந்தேன்.

“ஏஜென்சிக்காரன் சொல்லச் சொன்னதைத்தானே சொன்னனீ” என்றார் சித்தப்பா. மூக்கை ரையில் துடைத்தார், சித்தி தடுப்பதற்குள். “தெரியும் எண்டு சொல்லியிருந்தால் ரெண்டு பேருமெல்லோ கொத்துரொட்டி அடிச்சிருப்பம்.”

அந்தப் பக்கம் நண்பர் சிரித்தார். அது நல்ல சிரிப்பாகத் தொடங்கி நடுவில் வேறு ஏதோவாகி மறுபடி சிரிப்பாக முடிந்தது. பிறகு, “சாப்பிட்டியோ?” என்று கேட்டார். இடியப்பம் என்றார் சித்தப்பா. “சம்பலோ, சொதியோ?” சம்பல். “மூண்டு மணித்தியாலம் ஓடியிருந்தாலும் எனக்கு அது கிடைச்சிராது” என்றார் நண்பர். இறைச்சியை இனி உள்ளே வைக்க முடியாது, மனைவியும் தானும் தனியாகச் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். அரை மணி நேரம் போயிருக்கும். நான் கமராவை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

காருக்குத் திரும்பும்போதுதான் குழுவில் நண்பரின் செய்தி வந்தது. சித்தப்பா வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். “எல்லாருக்கும் வணக்கம். எங்கடை ஆள் என்னட்டை வந்து நிக்கிறார். நான்தான் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தனான். குடை என்ரை மனுசியின்ரை.”

“இப்ப இந்தப் பொய் ஆரின்ரை?” என்றா சித்தி.

“ரெண்டு பேரின்ரையும்” என்றார் சித்தப்பா, கவலையேயில்லாமல்.

திரும்பும் ரயிலில் சித்தி பழைய பத்திரிகையை விரித்து அதன் மேல்தான் அவரை இருக்கவிட்டா. இந்த முறை அவர் உண்மையாகவே தூங்கினார். கோட்டை மூன்று தரம் வெளுக்கக் கொடுத்தும் சிவப்புப் போகவில்லை.

இப்போது சித்தப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பிரெஞ்சுக் கடவுச்சீட்டும் இருக்கிறது, அமெரிக்காவுக்கு ஒருதரம் போய் வாருங்கள் என்று பிள்ளைகள் ரிக்கற் எடுத்துக் கொடுக்கவும் தயார். விமான நிலையத்தின் அந்தப் பாஸ்போட் கவுண்டருக்கு முன்னால் இன்னொரு தரம் நிற்க அவருக்கு மனமில்லை. வெளியே சொல்வது, “முழங்கால் நோவு” என்று. நண்பர் பாரிசுக்கு வருவதாக ஒவ்வொரு வருடமும் சொல்கிறார். அவருடைய மனைவிக்குச் சுகமில்லை, விட்டுவிட்டு வர முடிவதில்லை.

ஆனால் ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குப் பொண்டி வீட்டில் யாரும் தொலைக்காட்சி போட முடியாது. சித்தப்பா மேசையில் தேத்தண்ணிக் கோப்பையைச் சாய்மானமாக வைத்து அதில் போனை நிறுத்துவார். அங்கே காலை ஒன்பது மணி. நண்பர் தொப்பியும் கோலுமாகப் பாறைகளுக்குள் நடந்துகொண்டு, போனை முன்னால் நீட்டிப் பிடித்துக் காட்டுவார். சித்தப்பா கதிரையில் இருந்தபடி வழி சொல்வார். போன வாரம் நான் போனபோதும் அப்படித்தான். திரையில் ஒரு பெரிய சிவப்புப் பாறை, அதைச் சுற்றி ஒரு ஒற்றையடிப் பாதை.

“உந்தக் கல்லுக்கு அங்காலை என்ன கிடக்கு?”

“அங்காலையும் கல்லுத்தான் மச்சான்.”

“போய்ப் பாத்திட்டுச் சொல்லு.”

திரை ஆடியது. நண்பரின் மூச்சும் முணுமுணுப்பும் சப்பாத்துக்குக் கீழே சரளைக்கல் நெரிபடுவதும் கேட்டன. சித்தப்பா தானே ஏறுவது போல் கதிரையின் நுனிக்கு வந்திருந்தார். பாறையின் மறுபக்கம் திரும்பியதும் பள்ளத்தாக்கு ஒன்று திறந்து, அடிவானம் வரைக்கும் சிவப்பாகக் கிடந்தது.

“சரி, இவ்வளவு காணும்” என்றார் சித்தப்பா. “இனி மெதுவா இறங்கு. அதிலை சறுக்கும், பாத்து காலை வை.”